குளிர் தேசங்களில் கொடி ரோஜா

ரோஜாவில் செடியாக நிற்பது, கொடியாகப் படர்வது என இரு வகை உண்டு. வீட்டு வாசலிலும் வேலியோரத்திலும் பந்தலிலும் ஏற்றி விடுவதற்குக் கொடி வகையே ஏற்றது. ஆனால், குளிர்காலம் கடுமையான தேசங்களில் செடி ரோஜாவைக் காட்டிலும் கொடி ரோஜாவை வளர்ப்பது மிகவும் சிரமமான காரியம். வருஷத்தில் ஏறக்குறைய 4 மாதம் வெண்பனி மூடிக் கிடக்கும் கிழக்குக் கானடாவில், நல்ல விலை கொடுத்து வாங்கிய கொடியை நட்டு, எருவிட்டு, மூன்று நான்கு வருஷம் காத்திருந்தும் ஒரு பூவைக்கூடக் காணாத குடியானவர்கள் பலர். கொடி பட்டுப் போவதில்லை, ஒவ்வொரு கோடையிலும் ஆளுயரத்துக்குத் தழைக்கிறது, ஆயினும் பூப்பதில்லை. இந்தக் குறை எதனால் நேரிடுகிறது, அதற்கு நிவர்த்தி யாது என்பவை இங்கே விளக்கப்படுகின்றன.

குளிரின் அளவு

ஜலம் உறையும் நிலை 32 டிகிரி பாரன்ஹீட் என்பது தெரிந்ததே. கானடாவின் தலைநகரான ஒட்டாவாவில் ஜனவரி மாதத்து இரவுகளில் வெப்பம் சாதாரணமாக 6 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும். கடுங்குளிர் இரவுகளில் பூஜ்யத்துக்கும் கீழே 20 டிகிரி வரை இறங்குவதும் உண்டு. ஒரு பயிர் பிழைக்குமா, பிழைக்காதா என்பதைத் தீர்மானிப்பது குளிர்காலத்தின் சராசரிக் குளிரன்று. அந்தக் காலத்தில் வரும் மிகக் கடுமையான ஓரிரண்டு இரவுகளே.

இதை உத்தேசித்தே அமெரிக்க ஐக்கிய நாட்டு விவசாய இலாகா 1960-ம் வருஷத்தில் ஒரு தேசப்படம் வெளியிட்டது. ஒவ்வோரிடத்திலும் வருஷந்தோறும் நேரும் அதிகபட்சக் குளிரின் சராசரியை எடுத்து, 10 டிகிரிக்கு ஒரு மண்டலமாக அதில் பிரித்திருக்கிறார்கள். பூஜ்யத்துக்குக் கீழ் 10 முதல் 20 டிகிரி வரை இறங்கும் இடம் 5-ம் மண்டலம். 20 முதல் 30 வரை இறங்குவது 4-ம் மண்டலம். 30 முதல் 40 வரை இறங்குவது 3-ம் மண்டலம். ஒட்டாவா இந்தக் கணக்கில் 4, 5 ஆகிய மண்டலங்களின் எல்லையில் அமையும். கானடா சர்க்கார் 1967-ல் வெளியிட்ட படமோ குளிரை மட்டும் பாராமல், மழை, பனியின் ஆழம், காற்றின் வேகம் முதலியவற்றையும் சேர்த்துக் கணக்கிடுகிறது. ஆதலால் இரு படங்களின் எண்களும் ஒன்றாகா. நாற்றுப்பண்ணையில் கொடி வாங்குவோர், அதன் சீட்டில் குறித்த எண் எந்தப் படத்தைச் சேர்ந்தது என விசாரித்து வாங்குவது நலம்.

கொடி பூவாமைக்குக் காரணம்

மல்லிகைத் தோட்டம் வைத்திருப்போர் கார்த்திகை, மார்கழியில் செடியைக் கவாத்துச் செய்து, இலையை உதிர்த்துவிடுகிறார்கள். பிறகு வெடிக்கும் புதுத் துளிரில் மொட்டு வைக்கிறது. பழைய கொம்பை வெட்டினால் நஷ்டமில்லை, லாபமே உண்டு. செடி ரோஜாவில் பெரும்பாலானவையும் இவ்விதமே. குளிரினால் மேற்கொம்பு கருகிப் போனாலும், அடியிலிருந்து எழும் புதுக் கிளையில் அதே வருஷம் பூக்கும்.

கொடி ரோஜாவின் சுபாவம் வேறு. அதில் பெரும்பாலான ஜாதிகள் முதல் வருஷம் நீண்ட கொம்பை வளர்ப்பதோடு நின்றுவிடுகின்றன. அந்தக் கொம்பு குளிர்காலத்தைக் கடந்து உயிரோடிருந்தால், இரண்டாம் வருஷத்து வசந்தத்தில் அதன் கணுக்களிலிருந்து குட்டைக் கிளைகள் புறப்பட்டு, அவற்றின் நுனியில் பூங்கொத்துகள் உண்டாகின்றன. அதாவது, இவ்வருஷத்துப் பூ சென்ற வருஷத்துக் கொம்பில் இருக்கிறது. குளிரினால் கொம்பு தரைமட்டம் வரை கருகி, வேர் மட்டும் பிழைத்தால், அடியிலிருந்து மறுபடி முதல் வருஷத்துக் கொம்பே கிளம்பும். அடுத்த குளிரில் அதுவும் கருகும். இவ்விதமாகக் கொடி எப்போதும் முதல் வருஷத்திலேயே நின்றுவிடுகிறது. பல தடவை பூக்கும் ஜாதிகள் புதுக் கொம்பிலும் சில பூக்கள் தரக்கூடும். ஆனால் கொடி முழுவதும் பூத்து நிற்கும் முதற்பருவம் அவற்றுக்கும் கிடையாது.

ஆகவே, குளிர் தேசத்தில் கொடி ரோஜா வளர்ப்போர் முதலில் மனத்திற்கொள்ள வேண்டியது ஒன்று. வேரைக் காப்பது போதாது. கொம்பைக் காக்க வேண்டும். கீழே கூறப்படும் முறைகள் யாவும் இந்த ஒன்றை நோக்கமாகக் கொண்டவை.

கொம்பு குளிருக்குப் பதப்படும் விதம்

கோடையில் பசுமையாயுள்ள கொம்பு சிறு உறைபனிக்கே கருகிவிடும். அதே கொம்பு, பகற்பொழுது குறுகிக் குளிர் சிறிது சிறிதாக ஏறும் காலத்தில் வளர்ச்சியை நிறுத்தி, முற்றிப் பதப்படுகிறது. அதிலுள்ள மாவுச்சத்தின் ஒரு பாகம் சர்க்கரையாக மாறுகிறது. பிறகு குளிர் முற்றும்போது, உயிரணுக்களுக்கு இடையிலுள்ள ஜலமே முதலில் உறைகிறது; உள்ளேயிருக்கும் ஜலத்தில் ஒரு பங்கு வெளியே இழுக்கப்படுவதால் உயிரணு உறையாமல் தப்புகிறது. பதப்படாத கொம்பில் உயிரணுவின் உள்ளேயே பனி கட்டி அதைச் சிதைத்துவிடும்.

இதிலிருந்து குடியானவர் அறியவேண்டிய விஷயங்கள் சில உண்டு. கோடையின் பின்பகுதியில் தழைச்சத்து எருவிட்டால் கொம்பு வளர்ந்துகொண்டே போகும், முற்றாது. ஒட்டாவாவில் முதல் உறைபனி செப்டம்பர் கடைசி அல்லது அக்டோபர் ஆரம்பத்தில் விழுவதால், ஆகஸ்டு மாதத்துக்குப் பின் தழைச்சத்து இடலாகாது. செப்டம்பர் முதல் பூக்களைக் கொய்யாமல் விட்டு, காய் பிடிக்கச் செய்தால் கொடி தானே வளர்ச்சியை அடக்கிக் கொள்ளும். கொம்பைக் கவாத்துச் செய்வதையும் அப்போது நிறுத்திவிட வேண்டும். வெட்டினால் புதுத் துளிர் வெடிக்கும். ஆனால் பூமி உறையுமுன் நீர் நன்றாகப் பாய்ச்சுவது அவசியம். குளிர்காலத்தில் வெயிலும் காற்றும் கொம்பிலுள்ள ஈரத்தை உறிஞ்சும்போது, உறைந்த மண்ணிலிருந்து வேரால் ஜலம் எடுக்க முடியாது. குளிரினால் பட்டதாகக் கருதப்படும் கொம்புகளில் பல, உண்மையில் ஈரமின்றி உலர்ந்து பட்டவையே.

தெற்குச் சுவரோரம் உஷ்ணமாயிருக்கும் என எண்ணிக் கொடியை அங்கே நடுவதும் சில வேளை தீமையாகும். பின்பனிக் காலத்துப் பகல் வெயிலில் கொம்பு இளகிப் பதம் இழக்கிறது. இரவில் மீண்டும் உறைகிறது. இம்மாறுதலினால் பட்டை வெடிக்கும். காற்று அடங்கிய, காலை வெயில் படும் கிழக்கு முகமே பத்திரமானது.

நடும் முறை

விற்கப்படும் ரோஜாக்களில் ஒட்டுக் கட்டியவை, தம் வேரிலேயே நிற்பவை என இருவிதம் உண்டு. ஒட்டு மாங்கன்றில் ஒட்டுக்குக் கீழே அடிச்செடி துளிர்த்தால், ஒட்டு நலிந்து, நாட்டு மாமரமே மிஞ்சும் என்பதை எல்லோரும் அறிவர். குளிர் தேசத்து ரோஜாவிலும் இதுவே நிகழ்கிறது. குளிரினால் ஒட்டு பட்டுப் போய், அடிச்செடி மட்டும் பிழைத்துத் தழைக்கும். உடையவர் தாம் நட்ட கொடி பிழைத்ததாகவே எண்ணியிருப்பார். அமெரிக்காவில் அடிச்செடியாக மிகுதியும் உபயோகமான ‘டாக்டர் ஹூயி’ என்பது தானே ஒரு கொடி ரோஜா. வருஷத்தில் ஒரு முறை கருஞ்சிவப்பாகப் பூப்பது. வெள்ளைப் பூவுக்கென நட்ட கொடி சில வருஷத்தில் கருஞ்சிவப்பாகப் பூத்தது என்று சொல்லப்படும் ஆச்சரியத்தின் உண்மை இதுவே.

ஆகையால் குளிர் தேசத்தில் இயன்றவரை தம் வேரில் நிற்கும் கன்றுகளையே வாங்க வேண்டும். கொம்பு முழுவதும் பட்டாலும், வேரிலிருந்து வருவது அதே ஜாதியாக இருக்கும். ஒட்டுக் கன்றே கிடைக்குமாயின், ஒட்டுக் கட்டிய இடம் தரைமட்டத்துக்கு 4 முதல் 6 அங்குலம் கீழே இருக்கும்படி ஆழ நட வேண்டும். மண் போர்வையினால் ஒட்டு காக்கப்படுவதோடு, நாளடைவில் ஒட்டின் மேற்பாகமும் வேர் விட்டு, சுயவேர்ச் செடியாகிவிடும். நடுவதற்கு வசந்த காலமே உகந்தது. இலையுதிர் காலத்தில் நட்ட கன்று வேரூன்றுமுன் பூமி உறைந்துவிடும்.

கொடியைப் பூமியில் புதைத்தல்

குளிர் தாங்காத ஜாதியைக் காப்பதற்கு நிச்சயமான வழி, கொம்புகளை இறக்கி மண்ணுக்குள் புதைப்பதே. மண்ணும், அதன் மேல் விழும் வெண்பனியும் கம்பளிபோல் வெப்பத்தைக் காப்பன. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி இருக்கும்போதும், நன்றாக மூடிய மண்ணுக்குள் அக்குளிர் எட்டுவதில்லை. அமெரிக்காவின் மின்னசோட்டா மாகாணத்தில் ரோஜா வளர்ப்போர் செடி முழுவதையும் சாய்த்துப் புதைக்கும் முறையைக் கையாண்டு, அது அம்மாகாணத்தின் பெயராலேயே வழங்கி வருகிறது. கொடிக்கு அம்முறை பின்வருமாறு செய்யப்படும்.

1. அக்டோபர் மாதத்தில், அதாவது புரட்டாசி கடைசி முதல் ஐப்பசி வரையில், சில உறைபனிகள் விழுந்த பின் தொடங்க வேண்டும். கொம்பு பதப்படுமுன் மூடினால் அழுகும். பூமி உறைந்த பின்னோ பள்ளம் வெட்ட இயலாது.

2. முந்தின நாள் அடிமண்ணை நன்றாக நனைக்க வேண்டும். இலைகளை நீக்கி, கொம்புகளைப் பந்தலிலிருந்து அவிழ்த்து, ஒன்றாகச் சேர்த்துக் கட்ட வேண்டும்.

3. கொம்பைச் சாய்க்க உத்தேசித்த திசையில், அதன் நீளத்துக்குத் தக்கபடி ஓரடி ஆழப் பள்ளம் வெட்ட வேண்டும். எதிர்ப்புறத்து வேரடி மண்ணை முள்கொத்தால் இளக்கினால், கொடி வேரோடு சேர்ந்து சாயும். கொம்பை மட்டும் வளைத்தால் அடியில் முறியும். உறையும் குளிரில் கொம்பு எளிதில் ஒடியுமாதலால் வெப்பமான பகலிலேயே வளைக்க வேண்டும்.

4. கவைக்குச்சிகளால் கொம்பைப் பள்ளத்தில் அழுத்தி நிறுத்தி, மேலே 6 முதல் 8 அங்குலம் மண் போட வேண்டும். வேரடியிலிருந்து மண்ணைச் சுரண்டாமல், வேறிடத்து மண்ணையே போட வேண்டும்.

5. மண்ணின் மேற்பரப்பு உறைந்த பின் வைக்கோல் அல்லது சருகை ஓரடி கனத்துக்குப் பரப்ப வேண்டும். முன்னமே பரப்பினால் எலிகள் அதில் குடியேறிப் பட்டையைக் கறித்துவிடும். எலித் தொல்லை மிகுந்த இடங்களில் கம்பிவலையை விரித்து அதன் மேல் வைக்கோல் போடுவது நலம். காற்றுப் புகாத விரிப்புகளைப் போர்த்தலாகாது. வெயிலில் உள்ளே வெப்பம் ஏறிக் கொம்பு காலத்துக்கு முன் துளிர்த்து, பின் கருகும்.

இம்முறை பலன் தருவதில் ஐயமில்லை. ஆயினும் இதற்கு வேண்டிய உழைப்பு சிறிதன்று. முள் நிறைந்த பத்தடிக் கொம்புகளைக் கையாள்வது இருவர் வேலை. அது நேரும் பருவமோ, பண்ணையில் அறுவடை முடிப்பு, உழவு, கால்நடைக்குத் தீவனம் சேர்த்தல் முதலிய வேலைகள் நெருக்கும் பருவம். ஒரு வருஷம் அசட்டையாக விட்டாலும் அடுத்த வருஷத்துப் பூ முழுவதும் போய்விடும்.

வசந்தத்தில் செய்ய வேண்டியவை

ஏப்ரல் மாதத்தின் நடுவில் பனி கரைந்து மண் இளகியதும், மேலே போட்ட வைக்கோலைப் படிப்படியாக நீக்கி, மேகமூட்டமுள்ள ஒரு நாளில் கொம்புகளை எடுக்க வேண்டும். ஆறு மாதம் இருளில் கிடந்த பட்டையைத் திடீரென வெயிலில் காட்டுவது கெடுதி. மே மாதத் தொடக்கம் வரையிலும் உறைபனி விழக்கூடுமாதலால் மூடுவதற்குச் சிறிது சாக்குத் துணி கைவசம் இருக்க வேண்டும்.

கவாத்துச் செய்வதில் அவசரம் கூடாது. கொம்பு கறுத்திருப்பதைக் கண்டு அடியோடு வெட்டிவிட்டு, அவ்வருஷத்துப் பூவைத் தாமே அழித்துக்கொள்வோர் உண்டு. மொட்டுக்கணு பருக்கும் வரை பொறுத்து, நகத்தால் பட்டையைச் சிறிது கீறிப் பார்க்க வேண்டும். உள்ளே பச்சையாயிருந்தால் கொம்பு உயிரோடிருக்கிறது, பழுப்பாயிருந்தால் பட்டது. பட்டதை மட்டும், பச்சை தெரியும் இடம் வரை வெட்டினால் போதும். வருஷத்தில் ஒரே முறை பூக்கும் ஜாதியில், முதிர்ந்த கொம்பை நீக்கும் கவாத்து பூத்து ஓய்ந்த பிறகே நடக்க வேண்டும்.

ரோஜாக் கொடி வெற்றிலைபோல் பற்றிக் கொள்வதில்லை, அவரைபோல் சுற்றுவதுமில்லை. அதைக் கட்டிவிட்டே ஏற்ற வேண்டும். நேர் மேலாக நிறுத்திக் கட்டினால் நுனியில் மட்டும் பூக்கும். படுக்கை வாட்டத்தில் அல்லது விசிறிபோல் சாய்த்துக் கட்டினால், ஒவ்வொரு கணுவிலும் கிளை வெடித்துக் கொம்பு முழுவதும் பூக்கும்.

குளிர் தாங்கும் ஜாதிகளை உண்டாக்கிய வரலாறு

கொம்பைப் புதைக்கும் உழைப்பு இல்லாமலே குளிரைக் கடக்கும் கொடியை உண்டாக்க ஒரு நூற்றாண்டுக்கு மேல் முயற்சி நடந்தது. அமெரிக்கக் காட்டு ரோஜாவான செட்டிகெரா என்னும் கொடியிலிருந்து 1843-ல் ‘பால்டிமோர் பெல்’ உண்டாயிற்று. ஆஸ்திரிய-ஹங்கேரி ராஜ்யத்தில் காட்டிலாகா அதிகாரியாயிருந்த ருடால்ப் கெஷ்விண்ட் என்பவரும் அதே காட்டுக் கொடியைக் கலந்து பல ஜாதிகளை உண்டாக்கினார். இவை குளிரை ஓரளவு தாங்கினாலும், வருஷத்தில் ஒரு தடவையே பூப்பவை பல. 1930-ல் அமெரிக்காவில் வெளிவந்த ‘நியூ டான்’ கோடை முழுவதும் பூப்பது. புதிய செடிகளுக்கு உரிமைச் சாசனம் அளிக்கும் அந்நாட்டுச் சட்டத்தின் கீழ், 1931-ல் முதல் எண் பெற்ற செடி அதுவே. ஆனால் அது 5-ம் மண்டலம் வரையில்தான் நம்பத்தக்கது.

திருப்பம் ஜெர்மனியில் நேர்ந்தது. கீழ்க்கடலோரக் குளிர் தேசங்களுக்குரிய ரூகோஸா என்னும் ரோஜாவும், தரையில் படரும் விச்சுரானாவும் தாமாகக் கலந்து உண்டான ‘மாக்ஸ் கிராப்’ என்னும் செடி 1919-ல் அமெரிக்காவில் வெளியிடப்பட்டது. அது குளிரை நன்கு தாங்கும். ஆனால் ஏறக்குறைய மலடு. ஸ்பாரீஸ்ஹோப் கிராமத்தில் ரோஜாப் பண்ணை நடத்திய வில்ஹெல்ம் கோர்டெஸ் பல வருஷம் முயன்று அதிலிருந்து சில விதைகளைப் பெற்றார். முளைத்து நின்ற கன்றுகளில் ஒன்றைக் குளிர் அழித்தது, மற்றொன்று பிழைத்தது. தாய்ச்செடியின் உயிரணுவில் 14 குரோமோசோம்கள் இருக்க, இக்கன்றில் அவை இரட்டித்து 28 ஆகியிருந்தன. அதனால் மலட்டுத்தன்மை நீங்கி, மற்ற தோட்ட ரோஜாக்களுடன் கலக்கக்கூடியதாயிற்று. 1951-ல் அதற்குக் கோர்டெஸின் பெயரையே சாஸ்திரப் பெயராக இட்டார்கள்.

இச்செடியைக் கானடாவில் பிரயோஜனப்படுத்தியவர் பெலிசிடாஸ் ஸ்வெய்டா அம்மையார். வியன்னாவில் 1920-ல் பிறந்த அவர், 1886-ல் ஸ்தாபிதமான ஒட்டாவா மத்தியப் பரிசோதனைப் பண்ணையில் 1961 முதல் ரோஜா ஆராய்ச்சியை மேற்கொண்டார். கன்றுகளைப் போர்த்தாமலும் புதைக்காமலும் வெட்டவெளியில் விட்டு, குளிரையே பரீட்சகராக வைத்தார். பட்டவை ஒழிந்தன, பிழைத்தவற்றில் நன்கு பூப்பவை, நோயற்றவை ஆகியவற்றையே வைத்துக்கொண்டார். இவ்வாறு தேறிய ஜாதிகளுக்கு, கானடாவைக் கண்டறிந்த கடலோடிகளின் பெயரும் வழிகாண் பயணிகளின் பெயரும் இடப்பட்டன. அவற்றுள் கொடியாக ஏற்றத் தக்கவை: 1978-ல் வெளியான ‘ஜான் கேபட்’, 1983-ல் ‘வில்லியம் பாபின்’, 1984-ல் ‘ஹென்றி கெல்சி’, 1986-ல் ‘ஜான் டேவிஸ்’. நான்கிலும் கோர்டெஸ் கன்றின் இரத்தம் ஓடுகிறது. இவற்றில் மிகத் திடமானது ‘வில்லியம் பாபின்’. ஆழ்ந்த ரோஜா நிறப் பூக்களைக் கொத்துக் கொத்தாகத் தருவது. 3-ம் மண்டலத்திலும் புதைக்காமல் 8 முதல் 10 அடி வரை ஏறுவது. அதன் வாசனை குறைவு என்பதையும் சொல்ல வேண்டும். வாசனையை விரும்புவோருக்கு, அதைக் காட்டிலும் குட்டையான ‘ஜான் டேவிஸ்’ ஏற்கும்.

எவ்வழியைக் கொள்வது

ஒரு கொடியை வீட்டு முற்றத்தில் வைத்து, வருஷந்தோறும் ஐப்பசியில் புதைத்து வைகாசியில் பந்தலேற்ற ஆளும் பொழுதும் உள்ளவர், தாம் விரும்பும் எந்த ஜாதியையும் வளர்க்கலாம். பண்ணை வேலைக்கே ஆள் போதாதவரும், பள்ளிக்கூடம், சத்திரம், சாலையோரம் போன்ற பொது இடங்களில் கொடி வைக்கும் அதிகாரிகளும், புதைக்க வேண்டாத ஜாதியையே தேர்ந்தெடுக்க வேண்டும். பொது இடத்துக் கொடியைப் புதைப்பதற்கு முதல் வருஷம் ஆள் வருவார். மூன்றாம் வருஷம் வாரார்.

எவ்வழியாயினும், கீழ்க்கண்டவை நினைவிலிருத்தத் தக்கவை. இடத்தின் அதிகபட்சக் குளிரை அறிந்து, அதற்கு ஒரு மண்டலம் மேலான குளிரையும் தாங்கும் ஜாதியை வாங்குக. சுயவேர்க் கன்றையே நாடுக. ஒட்டாயின் ஆழ நடுக. ஆகஸ்டுக்குப் பின் தழைச்சத்து இடாதிருக்க. பூமி உறையுமுன் நீர் பாய்ச்சுக. வசந்தத்தில் பட்டையைக் கீறிப் பாராமல் கத்தியை எடாதிருக்க. கொம்பு பிழைத்தால் பூ உண்டு. வேர் மட்டும் பிழைத்தால் தழை மட்டுமே உண்டு. இதை அறிந்து நடப்பவர், பூவாத கொடிக்கு எருவும் நீரும் விட்டு வருஷங்களை வீணாக்க மாட்டார்.